அந்த அறைச் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்: பேரூராட்சிக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் ஒரு திறந்த மடல்

பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர் ஆகிய மூவருக்கும்,

போன மாதம் மூன்றாவது வியாழக்கிழமை காலையில், வயதானவர்கள் என்ன, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று பேசுகிற எங்கள் கூட்டத்துக்காகச் சமுதாயக் கூடத்துப் பின்பக்க அறைக்கு நான் போனபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். பந்தல்காரருடைய பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் மூலையில் எங்கள் எடை மிஷின், அதன் மேல் ஒரு பெயின்ட் டப்பா. (முள் இருபத்தி நாலில் நிற்கிறது. அந்த டப்பாவை முதலில் யாராவது இறக்கி வையுங்கள், ஸ்பிரிங் போய்விடும்.) வெளித் திண்ணையில் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் அறுபத்தைந்துக்கு மேல், இரண்டு பேர் எண்பதைத் தாண்டியவர்கள். ஒரு அம்மா தூக்குவாளியில் அவித்த தட்டாம்பயறு கொண்டுவந்திருந்தார், அன்றைக்கு அவருடைய முறை. வாளியை மடியில் வைத்துக்கொண்டு, "ஏத்தா டீச்சர், இன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவா?" என்று கேட்டார்.

பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அறை வேறு உபயோகத்துக்குத் தேவைப்படுகிறது, முதியோர் ஊட்டச்சத்து விழிப்புணர்வுக்குத்தான் பஸ் ஸ்டாண்டில் ஃபிளக்ஸ் வைத்தாயிற்றே, கியூஆர் கோடும் போட்டிருக்கிறோமே, ஸ்கேன் பண்ணினால் எல்லா விவரமும் வரும் என்றார்கள். நான் நகராமல் நின்றதைப் பார்த்து இன்னொருவர், "இந்த வயசுல இவங்க கத்துக்கிட்டு என்னம்மா ஆகப் போகுது" என்றார். அவர் யார் என்று எழுதப் போவதில்லை. அவருக்கும் இன்னும் எட்டு வருஷத்தில் அறுபது.

இந்த மடல் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அறை வேண்டுமானால் இன்னொன்று கிடைக்கும், மிஷின்கூட வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வயதானவர்கள் கற்றுக்கொள்வதில் பிரயோசனம் இல்லை என்று நினைத்துக்கொண்டு எடுக்கிற முடிவால் எத்தனை பேருக்கு என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தவள் நான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1985-லிருந்து 2023 வரை சத்துணவு மையத்தில் வேலை பார்த்தேன், அமைப்பாளராக ஓய்வு பெற்றேன். நான் ஊட்டச்சத்து படித்தவள் இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவற்றைக் கிராம் கணக்கில் அளந்து கொடுத்து, அதற்கு ரிஜிஸ்டர் எழுதியே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியவள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நூற்றைம்பது, வாரம் ஐந்து முட்டை. ஒரு முட்டை குறைந்தால் ஆடிட்டில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவு கணக்கு இருக்கிறது பிள்ளைகளுக்கு, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவரும் பாட்டி காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்க எந்த ரிஜிஸ்டரிலும் ஒரு கட்டம் கிடையாது.

ஒரு காலத்தில் கொஞ்சம் இருந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை மறு வருஷமே முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் விரித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் அலுமினியத் தட்டோடு ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். அதில் ஒரு தாத்தா தினமும் சோற்றை உருண்டை பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு உப்பு தூக்கல்" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார், அந்தச் சான்றிதழ் இல்லாமல் எனக்கு நாள் போகாது. போகப்போக அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிற வழக்கம் வந்தது. பிள்ளைகளோடு வரிசையில் நிற்க மகனும் மருமகளும் கூச்சப்பட்டார்கள், நான் ஓய்வு பெறும்போது வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்.

இனி என் மாமியார் விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

அத்தைக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். மாத்திரை ஒழுங்காகப் போடுவார், சொன்ன தேதிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவார், அவரைப் போல ஒரு நோயாளி கிடைத்தால் எந்த டாக்டரும் சந்தோஷப்படுவார். பிரச்சினையே அந்த ஒழுங்கில்தான் வந்தது. ஒருவர் "சோத்தைக் குறைங்க" என்றார், குறைத்தார். இன்னொருவர் உப்பைக் குறைக்கச் சொன்னார், குழம்பையே ஒதுக்கிவிட்டார். எண்ணெய் ஆகாது என்றதும் தாளிதம் இல்லாத பொரியல், அதை அவராலேயே தின்ன முடியவில்லை. பழம் சர்க்கரை, கிழங்கு சர்க்கரை, பருப்பு வாயு, முட்டை கொழுப்பு, தயிர் சளி. பக்கத்து வீட்டு மதினி சொன்னது, டிவியில் வந்தது, போனில் யாரோ அனுப்பியது என எல்லாமே அவர் காதில் டாக்டர் சொன்ன மாதிரியே விழுந்தது. கடைசி வருஷத்தில் காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு ரசம், ராத்திரி டீயில் நனைத்த நாலு ரஸ்க். அவ்வளவுதான் சாப்பாடு. ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவர் நாற்பத்தொன்றுக்கு வந்தார். பார்த்தவர்கள் எல்லாரும், "சுகர் கன்ட்ரோல் பண்ணி உடம்பைக் குறைச்சுட்டீங்களே, பரவாயில்லையே" என்று பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். சத்துணவு அமைப்பாளர் நான், எனக்கே உறைக்கவில்லை.

ஒரு நாள் விடியற்காலை பாத்ரூமில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 54-க்கு இறங்கியிருந்தது. சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்கிறது, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. சில சுகர் மாத்திரைகளுக்கு நாம் சாப்பிட்டோமா இல்லையா என்ற கவலை கிடையாது, அதுபாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் செய்தார்கள், ஆனால் எழுந்து நடக்கத் தொடையில் சதையே இல்லை என்றார் பிசியோதெரபி பார்த்த பையன். ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார், அப்புறம் போய்விட்டார்.

பன்னிரண்டு வருஷத்தில் எது சாப்பிடக் கூடாது என்று அத்தையிடம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். எது சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று உட்கார வைத்துச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. நான் எந்த ஆஸ்பத்திரியையும் குற்றம் சொல்லி எழுதவில்லை, ஒரு காலையில் இருநூறு பேரைப் பார்க்கிற டாக்டர் ஒவ்வொருவருக்கும் அரை நிமிஷம்தான் கொடுக்க முடியும், அந்த அரை நிமிஷத்தில் "குறைங்க" என்ற சொல்தான் அடங்கும்.

அதற்கப்புறம்தான் வியாழக்கிழமைக் கூட்டம் தொடங்கினேன். மாதத்தில் முதல் வியாழனும் மூன்றாம் வியாழனும், பதினோரு மணிக்கு. ஒன்றரை வருஷம் நடந்தது. அப்போதிருந்த செயல் அலுவலர் வாய்மொழியாகச் சரி என்று சொல்லித்தான் அறையைக் கொடுத்தார். எழுதி வாங்காதது என் தப்பு, இவ்வளவு ரிஜிஸ்டர் எழுதியவளுக்கு அந்தப் புத்தி வேண்டாமா. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கிற தங்கச்சி தன் வேலை நேரம் போக வந்து பிரஷர் பார்த்துக் கொடுப்பாள். முதல் கூட்டத்துக்கு ஆறு பேர், கடைசியில் முப்பத்தி ஒன்று.

என்ன செய்தோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் அங்கே வெட்டிப் பேச்சு நடந்தது என்று நினைக்கிறீர்கள் போல. (வெட்டிப் பேச்சும் நடந்தது. அதற்காகவும் வந்தார்கள்.)

முதலில் ஒவ்வொருவரும் நேற்று காலை எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் வாயில் போட்டது என்ன என்று சொல்ல வேண்டும், நான் போர்டில் எழுதுவேன். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி வெளியிட்டது, பதினேழு வழிகாட்டுதல், அதில் ஒன்று முழுக்க முதியோருக்கானது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது அவர்கள் கணக்கு. வயதானவர்களுக்கு இதைவிடக் கொஞ்சம் கூட, ஒரு கிராம் அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று சொல்கிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். சரி, குறைந்த கணக்கையே வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோ ஆளுக்கு நாற்பத்தோரு கிராம் சொச்சம். இப்போது போர்டைப் பாருங்கள்: மூன்று இட்லி ஆறு கிராம், நூறு கிராம் அரிசியில் வடித்த சோறு ஏழு, தண்ணியான சாம்பாரில் இரண்டு, இரண்டு டீயில் இருக்கிற பால் மூன்று, ராத்திரி இரண்டு இட்லி நாலு. கூட்டினால் இருபத்திரண்டு. வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கணக்குதான். வயிறு நிறைகிறது, அதனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. சதை கரைகிறது, அதை "வயசாயிருச்சு" என்று சொல்லிவிடுகிறோம்.

ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கிண்ணம் தயிர். இவ்வளவு சேர்ந்தால் மீதி இருபது கிராம் வந்துவிடும். முட்டையும் சுண்டலும் கடலையும் சேர்த்து நாளைக்குப் பதினைந்து ரூபாய்க்குள் முடியும். முதியோர் உதவித்தொகை 2023-ல் ஆயிரத்திலிருந்து 1,200 ஆனது, அதில் வீட்டுக்குக் கொடுத்தது போக, வெத்தலை பாக்கு போக, இது முடிகிற செலவா என்று கூட்டத்தில் பெரிய சண்டையே வந்தது. ஒரு அப்பத்தா, "எனக்கு முட்டை வாங்குனா பேரன் கேப்பான், அவனுக்குக் குடுக்காம எப்படித்தா நான் திங்க முடியும்?" என்றார். அவன் பள்ளிக்கூடத்தில் வாரம் ஐந்து முட்டை சாப்பிடுகிறான் அப்பத்தா, நானே கொடுத்திருக்கிறேன் என்றேன். அவருக்கு அது தெரியவே தெரியாதாம். அன்றிலிருந்து முட்டை சாப்பிட ஆரம்பித்தார். இந்த விவரத்தை எந்த கியூஆர் கோடு சொல்லும்?

சரி, அந்த ஃபிளக்ஸுக்கே வருகிறேன். 'ஆரோக்கிய முதுமை' என்று பெரிய எழுத்து, கீழே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கண்ணாடிக் கிண்ணத்தில் எதையோ வைத்துச் சிரிக்கிறார்கள், பக்கத்தில் ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய், சால்மன் மீன், அவகாடோ. எங்கள் கூட்டத்து ஆத்தா ஒருத்தி ப்ரோக்கோலியைப் பார்த்துவிட்டு, "காலிஃபிளவருக்கு எதுக்குப் பச்சை குத்தியிருக்காங்க?" என்று கேட்டார். வாரச் சந்தையில் முருங்கைக்கீரை கட்டு பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற ஊரில், வீட்டுக்கு வீடு முருங்கை மரம் நிற்கிற ஊரில், பஸ் ஸ்டாண்டு போர்டில் ஒரு முருங்கை இலைகூட இல்லை. சால்மன் இந்த மாவட்டத்திலேயே விற்கிறதா என்று தெரியவில்லை, நெத்திலியும் மத்தியும் விற்கிறது. அந்தப் படத்தை யார் தேர்ந்தெடுத்தார்களோ அவர்கள் கூகுளில் தேடி முதலில் வந்ததை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், இல்லை என்றால் சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்கிறேன்.

கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்கிறீர்களே, கேப்பைக் கூழ் கதையைக் கேளுங்கள். சர்க்கரைக்குக் கேப்பை நல்லது, எவ்வளவு குடித்தாலும் ஏறாது என்று முக்கால்வாசிப் பேர் நம்பினார்கள், நானும்தான். சுகர் மிஷின் வைத்திருந்த எழுபத்தெட்டு வயசுப் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற கண்டக்டர், தானே சோதித்துப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். ஒரு நாள் காலையில் மாவைத் தண்ணியாகக் கரைத்துக் காய்ச்சி இரண்டு டம்ளர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 268. அடுத்த வாரம் அதே மாவில் கெட்டிக் களியாகக் கிண்டி, ஒரு உருண்டையோடு நிறுத்தி, கீரையும் முட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுப் பார்த்தார், 190 சொச்சம். டிக்கெட் பின்னால் எழுதுகிற மாதிரி ஒரு துண்டுச் சீட்டில் நேரம் போட்டு எழுதிக் கொண்டுவந்து காட்டினார். மாவாக்கிக் கரைத்துக் குடித்தால் எந்தத் தானியமும் சட்டென்று சர்க்கரையாகும், கேப்பையில் சுண்ணாம்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு, அதனால் விட வேண்டாம், கெட்டியாக, அளவாக, கூட எதையாவது சேர்த்துச் சாப்பிடுங்கள். அன்றைக்கு இந்தப் பாடத்தை நடத்தியது நான் இல்லை, அவர்தான். மறு கூட்டத்தில் மூன்று பேர் இதே சோதனையைச் செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

இன்னொன்று, நாற்காலிச் சோதனை. கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும், பன்னிரண்டு வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை பலம் குறைந்திருக்கலாம் என்பது ஆசிய மருத்துவக் குழு ஒன்று 2019-ல் வகுத்த அளவு. கெண்டைக்கால் சுற்றளவும் அப்படித்தான், ஆணுக்கு 34 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 33, அதற்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். இதற்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தம் வேண்டாம், ஒரு டெய்லர் டேப் போதும். முதல் தடவை அளந்தபோது பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டைத் தாண்டியது, நாலு பேரால் கையை ஊன்றாமல் எழுந்திருக்கவே முடியவில்லை. அந்த நாலில் இரண்டு பேர் ஆறு மாதத்தில், சுண்டலும் முட்டையும் சாப்பிட்டுத் தினமும் காலையில் நாற்காலியில் பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்து பழகி, கையை ஊன்றாமல் எழுந்தார்கள். மற்ற இரண்டு பேருக்கு முடியவில்லை. ஒருவருக்கு மூட்டு தேய்ந்திருக்கிறது, இன்னொருவர் பாதியில் வருவதை நிறுத்திவிட்டார்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்லவில்லை. ஆரம்பத்தில் எல்லாரும் பருப்பு சாப்பிடுங்கள், பயறு சாப்பிடுங்கள் என்று பொத்தாம்பொதுவாக அடித்துவிட்டேன். கிட்னி பழுதான ஒருவர் கூட்டத்தில் இருந்தது எனக்குத் தெரியாது, அந்த மாத்திரைத் தங்கச்சிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, கிட்னி ப்ராப்ளம் உள்ளவங்களுக்கு அளவு வேற, டாக்டரைக் கேக்காம சொல்லாதீங்க" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, உங்களிடம் மூன்று தடவை மனு கொடுத்தேன், மாதம் ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் ஒரு டயட்டீஷியனையோ டாக்டரையோ அனுப்புங்கள் என்று. மனு வாங்கிக்கொண்டதற்கு ரசீது இருக்கிறது, பதில் இல்லை.

சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையக்கூடும், அது குறைந்தாலும் கால் மரத்துப்போகும் என்பதைக்கூட நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் கூட்டத்தில் கால் மரத்துப்போகிறது, எரிகிறது என்று சொன்னவர்கள் நிறையப் பேர், எல்லாரும் அதைச் "சுகர் வந்தா அப்படித்தான்" என்று விட்டிருந்தார்கள். அதில் சிலருக்காவது பி12 பார்க்க வேண்டியிருக்கும், குறிப்பாக மீன், முட்டை, பால் தொடாதவர்களுக்கு. எதைப் பார்க்க வேண்டும், யாருக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

பல் இல்லாதவர்கள் பன்னும் பாலும் என்று காலத்தைத் தள்ளுகிறார்கள், அவர்களுக்காக வேர்க்கடலையை இடித்துப் பொடியாக்கிச் சோற்றில் பிசைவது, பாசிப்பயறைக் குழைய வேகவைத்து மசிப்பது என்று செய்து காட்டினோம். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் வாங்கி அனுப்புகிற எழுநூறு ரூபாய்ப் புரத மாவு டப்பாக்களைக் கொண்டுவரச் சொல்லிப் பின்பக்கத்தைப் படித்தோம், சில டப்பாக்களில் நூறு கிராமில் இருக்கிற புரதம் பொட்டுக்கடலையில் இருப்பதற்கு ஏறக்குறைய சமம். (பாவம், அன்போடு அனுப்புகிறார்கள். அதனால் யாரையும் தூக்கி எறியச் சொல்லவில்லை.)

அப்புறம் தண்ணீர். வயதானால் தாக உணர்ச்சி மட்டுப்படும், அதனால் தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும் என்று ஒரு நாள் முழங்கிக்கொண்டிருந்தேன். பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது ஒரு அம்மா காதோடு சொன்னார்: "தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போகணும்ல டீச்சர். ராத்திரி வெளிய இருட்டுல எப்படிப் போறது, சந்தைக்கு வந்தா எங்க போறது?" பேரூராட்சிக் கழிப்பறை பூட்டிக் கிடப்பதற்கும் வயதானவர்களுக்கு நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் தலைசுற்றலும் வருவதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தலைவர் அவர்களே, இது உங்கள் இலாகா.

ஊரில் எத்தனை வயதானவர்கள் இருக்கப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2021-க்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் நூறில் பதிமூன்று, பதினாலு பேர் அறுபதைத் தாண்டியவர்கள், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். 2017-18-ல் நாடு முழுக்க எடுத்த முதியோர் ஆய்வில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 27 பேர் எடை குறைந்தவர்கள், 22 பேர் எடை கூடியவர்கள் என்று தெரிந்தது. ஒரே தெருவில் இரண்டு வகையும் உட்கார்ந்திருக்கும்போது எல்லாரையும் பார்த்துக் "குறைங்க" என்று ஒரே பாட்டைப் பாடினால் என் அத்தை மாதிரி ஆட்கள் அளவுக்கு மீறிக் குறைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிற பெண்கள்தான் அதை முதலில் கேட்டு நடப்பார்கள்.

முதியோர் நலத்துக்கென்று 2010-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு முறை முதியோர் கிளினிக் நடத்த வேண்டும் என்று இருக்கிறது. நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை. உங்கள் பீரோவில் ஏற்கெனவே இருக்கிற தாளைத்தான் கேட்கிறேன்.

ஆகவே என் கோரிக்கைகள். பின்பக்க அறையை மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை, காலை பத்தரை முதல் ஒரு மணி வரைக்கும் எங்களுக்கு ஒதுக்கி, இந்த முறை எழுத்தில் உத்தரவு கொடுங்கள். மற்ற நாளெல்லாம் நாற்காலி அடுக்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. சமுதாயக் கூடத்துக் கழிப்பறையைத் திறந்து, தண்ணீர் வர வைத்து, பிடித்துக்கொண்டு எழ ஒரு கம்பி பதித்துக் கொடுங்கள். சந்தைக் கழிப்பறைப் பூட்டையும் எடுங்கள். ஃபிளக்ஸைக் கழற்றச் சொல்லவில்லை, அதற்குப் பக்கத்தில் நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்து, படிக்கிற அளவு பெரிய எழுத்தில் இன்னொன்று வையுங்கள், என்ன எழுத வேண்டும் என்று நாங்களே தருகிறோம், மருத்துவ அலுவலர் திருத்திக் கொடுத்தால் போதும்.

மருத்துவ அலுவலர் அவர்களுக்கு: மாதம் ஒரு மணி நேரம் விஷயம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள், கிட்னி, இதயம், சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்ல. மாத்திரைச் சீட்டில் பிரஷர், சுகர் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் எடையையும் ஒவ்வொரு முறையும் எழுத உத்தரவிடுங்கள். ஆறு மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் தானாகக் குறைந்தால் பாராட்டி அனுப்பாமல் டாக்டரிடம் அனுப்பச் சொல்லுங்கள், மாத்திரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். முதியோர் கிளினிக் எந்தக் கிழமை என்று சுகாதார நிலைய வாசலில் எழுதிப் போடுங்கள்.

வரும் முதல் வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் உண்டு, எல்லாருக்கும் சொல்லியாயிற்று. கதவு பூட்டியிருந்தால் எதிரில் இருக்கிற வேப்பமரத்தடியில் உட்காருவோம். உளுந்தங்களி கிண்டுவது கண்டக்டர் ஐயாவின் முறை. மிஷின் மட்டும் உள்ளே இருக்கிறது, அதற்குள் சாவியைக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
வியாழக்கிழமைக் கூட்டத்து முப்பத்தி ஒரு பேர் சார்பாக